குளச்சல் சாலையில் ஒரு சஹன் சாப்பாடு

திங்கள்சந்தையைத் தாண்டிக் குளச்சல் போகிற வழியில், பெயர்ப்பலகை இல்லாத ஓட்டு வீடு ஒன்றில் மதியம் மட்டும் சாப்பாடு போடுகிறார்கள். வாசலில் ‘ஹலால்’ என்று ஒரு பச்சை ஸ்டிக்கர்கூடக் கிடையாது. ஆனால் மார்க்கம் சொன்னபடி சமைத்து, மார்க்கம் சொன்னபடி உட்காரவைத்துப் பரிமாறுகிற கடை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

இந்த விமர்சனத்தை எப்படி எழுதப்போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. பிடித்திருந்தால் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். அபூஹுரைரா ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கிற இந்த ஹதீஸ் (நபியவர்களின் சொல், செயல் பற்றிய செய்தி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. சாப்பாட்டுக்கடை விமர்சனம் என்றாலே ‘உப்பு இல்லை, வாயில் வைக்க முடியவில்லை’ என்று திட்டி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அல்லாஹ் கொடுத்த ரிஸ்கை அப்படிப் பேச எனக்கு மனம் வராது. ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்று மட்டும் எழுதுவேன். இடம், விலை, பரிமாறுகிற விதம் எல்லாம் வியாபாரம். அதில் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் கடைக்காரருக்கும் சாப்பிட வருகிறவருக்கும் நல்லது.

முதலில் கோழி. பின்முற்றத்தில் கடைக்காரக் காக்காவே (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) காலையில் அறுக்கிறார். கூண்டு ஒரு பக்கம், அறுக்கிற இடம் சுவருக்கு அந்தப் பக்கம். ஒன்று அறுபடுவதை இன்னொன்று பார்ப்பதில்லை. கத்தியைத் தீட்டுவதும் கூண்டுக்கு மறைவில்தான். அறுப்பதையும் அழகாகச் செய்யுங்கள், கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்று ஷத்தாத் இப்னு அவ்ஸ் ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. ஓதி அறுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதில் ஓதுவது எவ்வளவு முக்கியமோ இந்த இரக்கமும் அவ்வளவு முக்கியம். ஒவ்வொரு கோழிக்கும் தனித்தனியாக பிஸ்மில்லாஹ் சொல்கிறார். காலையில் மொத்தமாக ஒருதரம் சொல்லிவிட்டு வரிசையாக அறுத்துத் தள்ளுவது இங்கே இல்லை.

மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுசாக அறுபட வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) சட்டம். இன்னொரு மத்ஹபான ஹனஃபியில் அந்த இரண்டோடு கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்களையும் சேர்த்து, நான்கில் குறைந்தது மூன்று அறுபட வேண்டும். காக்காவிடம் கேட்டேன். “நாலையும் சேர்த்துத்தான் மக்ளே அறுக்கேன். ரெண்டு மத்ஹப்காரங்களும் வாறாங்கல்லா, எதுக்கு ஒருத்தர் மனசுல சந்தேகம்?” என்றார். துடிப்பு முழுசாக அடங்கின பிறகுதான் வெந்நீர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஊர்க் கோழிக்கடையில் கழுத்தைக் கீறி டிரம்மில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, உயிர் போகும் முன்பே வெந்நீரில் அமுக்கியதைக் கண்ணால் பார்த்தேன். அங்கே ஹலால் பலகை பெரிதாகவே தொங்கியது. கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது, முட்டுப்பட்டுச் செத்தது எல்லாம் ஹராம் என்று குர்ஆனில் ஸூரத்துல் மாயிதாவின் 3ஆவது வசனம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. வெட்டியதால் செத்ததா வெந்நீரில் செத்ததா என்று தெரியாத கோழியை என் பிள்ளைகளுக்கு எந்த தைரியத்தில் ஊட்டுவேன்?

ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் திங்கள்சந்தையில் காக்காவின் மச்சினன் கடையிலிருந்து வருகிறது. கேட்டவுடனே சொன்னார்.

என் தங்கச்சி மாப்பிள்ளை ஆம்பூர்க்காரர், ஹனஃபி. நாங்கள் தேங்காப்பட்டணம், ஷாஃபி. கடற்கரைப் பக்கம் பெண் எடுத்ததிலிருந்து அவருக்குச் சாப்பாட்டில் ஒரு தயக்கம் உண்டு. கடலின் வேட்டையும் அதன் உணவும் உங்களுக்கு ஹலால் என்று அதே மாயிதாவின் 96ஆவது வசனம் சொல்கிறது. ஷாஃபியில் கணவாய் தாராளமாகச் சாப்பிடலாம். ஹனஃபியில் கடலிலிருந்து மீன் மட்டும்தான். கணவாயும் நண்டும் கூடாது, இறால் மீனா இல்லையா என்பதில் அவர்கள் ஆலிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. நண்டு விஷயத்தில் எங்கள் பக்கத்திலும் பேச்சு உண்டு, அதனால் வாப்பா அதைத் தொடவே மாட்டார். மீன் பொரித்த எண்ணெயிலேயே கணவாயையும் பொரித்திருந்தால் ஆம்பூர்க்காரர் மீனையும் எடுக்கமாட்டார், எடுக்கவும் முடியாது. பல கடைகளில் இதைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே அவர் வாய் திறப்பதற்குள்ளேயே பரிமாறுகிற பையன், “கணவாய்க்கு வேற சட்டி, வேற கரண்டி. அடுப்பங்கரையில வந்து பாருங்கோ” என்றான். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஆபா, இன்னைக்கு நிம்மதியா சாப்பிடுறேன்” என்று என்னிடம் சொல்லி அயிலையை வெளுத்துக்கட்டினார். நல்ல அயிலை, மிளகும் மஞ்சளும் மட்டும் தடவிப் பொரித்தது. கூட மட்டை அரிசிச் சோறு, புளி தூக்கலாக மீன் குழம்பு, அவித்த மரச்சீனி. மீன் சாப்பாடு 130 ரூபாய்.

ஆனால் இந்தக் கடைக்கு வருகிறவர்கள் வருவது சஹனுக்காகத்தான்.

நான்கு பேர் சுற்றி உட்காருகிற பெரிய தட்டு. பாய் விரித்து, நடுவில் வெள்ளைத் துணி போட்டு அதன் மேல் சஹனை வைக்கிறார்கள். அதற்கு முன்னால் பையன் செம்பும் சட்டியுமாக வந்து உட்கார்ந்த இடத்திலேயே கையைக் கழுவிவிடுகிறான். சீரகச்சம்பா நெய்ச்சோறு, ஒவ்வொரு பருக்கையும் தனியாக. வறுத்த தேங்காய் அரைத்துவிட்ட ஆட்டுக்கறி ஆணம் (குழம்பு), எலும்பைவிட்டுக் கறி கழன்று வருகிற பதம். ஈரல் வறுவல் ஒரு கிண்ணம் தனியாக. இறைச்சியை நடுவில் குவிக்காமல், சரிசமமாக நான்கு பங்காக்கி நான்கு ஓரத்தில் வைக்கிறார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கடையை எனக்குப் பிடித்துப்போனது. சிறுபிள்ளையாக இருந்த உமர் இப்னு அபீ ஸலமாவின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது நபியவர்கள் சொன்னது மூன்றே விஷயம்: பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உனக்குப் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு. பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடச் சொன்னால், பக்கத்தில் நல்ல துண்டும் இருக்க வேண்டுமல்லவா? நடுவில் குவித்து வைத்துவிட்டுப் பிள்ளையைக் ‘கை நீட்டாதே’ என்று அதட்டுவதில் என்ன பயன்? என் சின்னவனுக்கு ஏழு வயது, எட்டிப் பறிக்கிற பழக்கம் உண்டு. இங்கே அவன் கை அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை, நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரக்கத் என்னும் இறையருள் உணவின் நடுவில் இறங்குகிறது, ஓரத்திலிருந்து சாப்பிடுங்கள் என்று இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அறிவிப்பதும் நினைவுக்கு வந்தது. நால்வரும் ஓரத்திலிருந்து உள்ளே வந்தோம். கீழே விழுந்த கறித்துண்டைத் தூசி தட்டிச் சாப்பிடுவது, விரலைச் சூப்பிவிட்டு எழுந்திருப்பது இதையெல்லாம் நகரத்து ஓட்டலில் செய்தால் பக்கத்து மேசைக்காரர் முகம் சுளிப்பார். இங்கே கூச்சம் இல்லை. ஆவி பறக்கிற சோற்றைப் பிள்ளைகள் ஊதப் போனால் ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்று பையன் தண்ணீரை முதலில் கொடுக்கிறான், அதுவும் சுக்குப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். குடிக்கும்போது பாத்திரத்துக்குள் மூச்சுவிடாமல், வாயிலிருந்து எடுத்து மூன்று மூச்சில் குடிக்கப் பழக்குவதற்கு இந்த மாதிரிச் சூடான தண்ணீர் நல்ல உதவி.

தாளிச்சா எனக்கு ஒத்துவரவில்லை, ஒதுக்கிவிட்டேன். என் தங்கச்சி அதையே இரண்டாம்முறை கேட்டு வாங்கினாள். நபியவர்கள் முன்னால் உடும்பு வைக்கப்பட்டபோது, அது என் ஊரில் இல்லாதது, மனம் ஒப்பவில்லை என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார்கள். காலித் இப்னு வலீத் அதைத் தம் பக்கம் இழுத்து அவர்கள் முன்னாலேயே சாப்பிட்டார். நபியவர்கள் தடுக்கவில்லை.

ஆப்பம் பற்றி ஒரு சொல். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குள் போய் ஆப்பம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அங்கே கள்ளுக்குத் தடை இல்லை, மாவு புளிக்கக் கள்ளு ஊற்றுகிற வழக்கம் இன்றும் உண்டு. இங்கே தேங்காய்த் தண்ணீரும் ஈஸ்ட்டும்தான். ஓரம் முறுகி, நடு பஞ்சு மாதிரி வருகிறது. கடைசியில் கடல்பாசி. இளநீரும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சி ஆறவைத்தது. பாக்கெட் ஜெல்லியைக் கிண்டிக் கொடுத்தால் அதில் இருக்கிற ஜெலட்டின் எந்தப் பிராணியின் எலும்பு, எந்தத் தோல் என்று யாருக்கும் பதில் தெரியாது. பாசியில் அந்தக் கேள்வியே இல்லை, பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கலாம்.

இனிக் காக்கா திருத்திக்கொள்ள வேண்டியவை. ஆட்டுக்கறி சஹன் 1,200 ரூபாய், கோழி சஹன் 800. தரத்துக்கு இந்த விலை நியாயம்தான். ஆனால் நான்கு பேருக்குக் குறைந்து சஹன் கிடையாது. புருஷனும் பெண்சாதியும் மட்டும் வந்தால் தனித்தனித் தட்டுதான். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்று ஹதீஸ் இருக்கும்போது, இருவருக்கே ஒரு சின்னச் சஹன் ஏன் போடக்கூடாது? இன்னொன்று, சோறு அளவுக்கு மேல் வருகிறது. நாங்கள் வயிறாரச் சாப்பிட்டும் மிஞ்சியது. பொதிந்து தருகிறார்கள் என்றாலும், உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்று ஓதிய சமூகம் நாம். குறைத்து வைத்து, கேட்டால் மறுசோறு போடலாம்.

வயசாளிகளுக்கு இங்கே சிரமம். வாப்பாவுக்கு முட்டுவலி, சம்மணம் போட முடியாது. இருக்கிற ஒரே பெஞ்சும் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது. சாய்ந்துகொண்டு சாப்பிட மாட்டேன் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. உயரம் குறைந்த மேசை ஒன்றும் நாலு நாற்காலியும் போட்டால் வாப்பா மாதிரி உள்ளவர்களும் பேரப்பிள்ளைகளோடு ஒரே சஹனில் கை வைக்கலாம். அன்று அவர் தனியாக ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டதில் எனக்கு வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம் என்பேன். பாய்க்குப் பின்னால் அடுத்த கூட்டம் நின்றுகொண்டு நம் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். மென்று தின்னவும் முடியாது, ஹதீஸ் சொல்கிறபடி வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடவும் முடியாது. முற்றத்தில் பந்தல் போட்டுக் காத்திருக்கிறவர்களை அங்கே உட்காரவைத்தால் தீர்ந்தது. பெண்களுக்குக் கை கழுவத் தனியாக ஒரு குழாயும் வேண்டும்.

வாரநாள்களில் பக்கத்துத் தும்புக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் மீன் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், எல்லா மதத்துக்காரர்களும்தான். அவர்களுக்கும் அதே செம்பு, அதே கைகழுவல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகுதான் திறப்பு. சஹன் வேண்டுமென்றால் முதல்நாள் மாலை அஸர் தொழுகைக்குள் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும், ஆள் கணக்குக்குத்தான் ஆட்டுக்கறி வாங்குகிறார். செவ்வாய், புதன் என்றால் கூட்டம் இல்லை, காக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். நாங்கள் அடுத்து போவது ஒரு புதன்கிழமை. மேசை விஷயத்தை அவரிடம் சொல்லியாயிற்று, “தச்சன்கிட்ட சொல்லியிருக்கேன் மக்ளே” என்றிருக்கிறார்.