முழங்கால் தேய்மானம்: அக்குபஞ்சரா, தொடைப் பயிற்சியா?

கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்கள் பலருக்கு முழங்கால் வலி ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகம். இறங்கும்போது உடல் எடையைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசை. அது தளர்ந்தால் பாரம் மூட்டில் விழுகிறது.

அக்குபஞ்சரில் சுமார் 0.25 மி.மீ. தடிமனுள்ள ஊசிகளை முழங்கால் சிப்பிக்குக் கீழே இருபுறக் குழிகளிலும், வெளிப்புறக் குழிக்கு நான்கு விரற்கடை கீழேயும் செருகி, 20 முதல் 30 நிமிடம் விடுவார்கள். வாரம் ஓரிரு முறை, இரண்டு மாதமாவது தொடர வேண்டும். நாள்பட்ட வலி குறித்து 39 ஆய்வுகளின் 20,827 பேர் தரவைத் தொகுத்து 2018-ல் வந்த அலசலில், ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டால் பலன் நன்றாகத் தெரிந்தது. போலி ஊசியோடு (சிகிச்சைபோலத் தோன்றும்படி மட்டும் போடுவது) ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிதே. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் (2019) முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபஞ்சரை நிபந்தனையோடு ஏற்கிறது. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு (2022) வேண்டாம் என்கிறது. பயிற்சியை இரண்டுமே பரிந்துரைக்கின்றன.

பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். நிமிர்ந்து உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 விநாடி நிறுத்தி மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, தினம் இரண்டு வேளை. முதல் இரண்டு வாரம் தசை வலிக்கும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். வலி மறுநாளும் கூடினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

முதலில் பயிற்சிதான். வலியால் காலை நீட்டவே முடியாதவர்கள் அக்குபஞ்சரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஊசி புது உறையிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் இரண்டும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.