விலை குறைந்த டச் போன்: மூன்றரை வருடம் பாவித்த பிறகு

2022 பெப்ரவரியில் 37,500 ரூபா கொடுத்து வாங்கிய போனை 2025 ஓகஸ்ட்டில்தான் அம்மாவின் கைக்கு மாற்றினேன். போன் வாங்கிய கிழமையே அதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பெட்டியைப் பிரித்து, நான்கு படம் எடுத்து, 'கொடுத்த காசுக்குப் பரவாயில்லை' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் மலிவான போனின் குணம் இரண்டாவது வருடத்தில்தான் வெளியே வருகிறது. ஐம்பது, அறுபதாயிரத்துக்குள் ஒரு போன் தேடுகிறவர்களுக்கு அந்தப் பிந்திய வருடங்களின் கதை பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். மொடலின் பெயர் தேவையில்லை, அது இப்போது கடைகளில் இல்லை. 6.5 அங்குல எல்சிடி திரை, 4 ஜிபி ரம், 64 ஜிபி சேமிப்பு, 5000 எம்ஏஎச் பற்றரி, பின்பக்கம் நான்கு கமரா. இதே அமைப்பில் வேறு பெயர்களில் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வாங்கியது கொழும்பு புறக்கோட்டையில், முதலாம் குறுக்குத் தெருப் பக்கம். கடைக்கார நானா இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று 64 ஜிபி. மற்றது வேறு மொடல், 128 ஜிபி, ஆனால் இரண்டே கமரா, விலை 6,000 ரூபா கூட. "தங்கச்சி, கமராவ எண்ணிப் பார்த்து எடுக்க வேணாம். உள்ளுக்கு எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க, பின்னுக்குக் கஷ்டப்படுவீங்க" என்றார். விலை கூடியதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு கமரா உள்ளதை எடுத்துக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. அந்த 6,000 ரூபாவை அன்றைக்குக் கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் நிம்மதியாகப் பாவித்திருப்பேன்.

முதல் வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலங்கை அப்போது இருந்த பொருளாதார நெருக்கடியில் அந்தப் போன் எனக்குப் பெரிய துணை. வாங்கி ஒரு மாதத்துக்குள் ரூபா சரியத் தொடங்கியது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அதே போனின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டியூசன் பிள்ளைகளுக்கு இரவில் போன் வெளிச்சத்தில்தான் கணக்குச் செய்து காட்டினேன். ஜூனில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஓஎல் வகுப்புகளை முழுக்க அதிலேயே நடத்தினேன். 5000 எம்ஏஎச் பற்றரி ஒரு நாள் முழுக்கத் தாங்கியது.

அந்த நாட்களில்தான் ஒரு விஷயம் புரிந்தது. பற்றரி எவ்வளவு பெரியது என்பது மட்டும் போதாது, எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் போனின் சார்ஜர் 10 வொட். அடியிலிருந்து நிரம்ப மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கரண்ட் இரண்டு மணித்தியாலம் வந்து மறுபடி போகிற வீட்டில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரம் நீண்டால் டவர்களின் பற்றரியும் இறங்கிவிடும். சிக்னலைத் தேடித் தேடியே போனின் சார்ஜ் கரையும். அப்படியான இரவுகளில் ஃப்ளைட் மோடில் போட்டு வைத்தால் காலைவரை தாங்கும்.

திரையின் குறை பெற்றோல் ஷெட்டில் தெரிந்தது. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க க்யூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நானும் ஸ்கூட்டியோடு வரிசையில் நின்றேன். உச்சி வெயிலில் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினாலும் திரை சாம்பல் நிறக் கண்ணாடி மாதிரித்தான் தெரிந்தது. ஷெட் பையன் தன் தொப்பியை எடுத்து நிழல் பிடித்துத்தான் என் க்யூஆரை ஸ்கேன் பண்ணினான். அடுத்த கிழமையே அதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். மலிவான எல்சிடி திரைகளுக்கு வெயில் ஆகாது. வீட்டுக்குள் இருந்தே பாவிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. வெளியில் ஓடித்திரிகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்டு, போனை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இப்போது இந்த விலைக்கே அமொலெட் திரைகளும் கிடைக்கின்றன.

அப்புறம் வந்ததுதான் உண்மையான தொல்லை. 64 ஜிபியில் ஏறக்குறைய 18 ஜிபியை அன்ட்ரொய்டும் கூடவே வந்த ஆப்களும் எடுத்துக்கொண்டன. எனக்கு ஆறு வகுப்புகள், ஆறு வட்ஸ்அப் குழுக்கள். பிள்ளைகள் கணக்குச் செய்து படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு இரவுக்கு எண்பது, நூறு படம் வரும். ஒன்றரை வருடத்தில் மிச்சம் 2 ஜிபி. அதோடு போன் நடக்கத் தொடங்கிவிட்டது, ஓட்டமில்லை. தமிழ் கீபோர்டு மேலே வர இரண்டு செக்கன். ஒரு அழைப்பு வந்தால் மணி முதலில் அடிக்கும், பெயர் பிறகு வரும். பச்சைப் பொத்தான் தெரிவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள்.

ரம் போதாததால்தான் இப்படி என்று பலரும் சொல்வார்கள். 4 ஜிபி குறைவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் படங்களை அழித்து 15 ஜிபி காலியாக்கிய அன்றே போன் பாதி உயிர் பெற்றது. காரணம் சேமிப்பு வேலை செய்கிற விதம். போனுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. அந்தப் பகுதியை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். வெற்றுப் பக்கமே இல்லாத அப்பியாசக் கொப்பியில் ஒரு வரி எழுதுவதற்கு, ஒரு பக்கத்தில் இருப்பதை வேறெங்கோ பிரதி பண்ணி, அழிறப்பரால் அழித்து, பிறகு எழுதுவது போல. கொப்பி நிரம்ப நிரம்ப இந்த வேலை கூடிக்கொண்டே போகும். மலிவான போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி வகைதான் இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஒன்றில் வாசிக்கும், இல்லாவிட்டால் எழுதும். யுஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒன்றாகச் செய்யும். பெட்டியில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். மொடல் பெயரை அடித்து இணையத்தில் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மெமரி கார்ட் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி 64 ஜிபி கார்ட் ஒன்றும் வாங்கினேன். கமராப் படங்கள் அதற்குப் போயின. வட்ஸ்அப் படங்களும் ஆப்களும் உள்ளுக்கேதான் நின்றன. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து படங்களை அழிப்பது ஒரு வேலையாகவே ஆனது. ஒரு பிள்ளை பரீட்சைக்கு முன் அனுப்பிய வினாத்தாளை அவசரத்தில் அழித்துவிட்டு, அவளிடமே திரும்பக் கேட்க வேண்டி வந்தது. அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

2023 டிசம்பரில் மழைக்குள் வெள்ளவத்தை ஸ்டேஷனில் போன் கை நழுவி விழுந்தது. வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கடையில் 7,500 ரூபாவுக்குத் திரை மாற்றினேன். ஒரிஜினல் என்றுதான் சொன்னார்கள். நிறம் கொஞ்சம் நீலம் அடித்தது, அதைப் பொறுத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் கீழ் ஓரத்தில் தொடுகை செத்துப்போனது. கீபோர்டின் கடைசி வரிசை முழுக்க அங்கேதான் வருகிறது. இடைவெளி விட முடியாமல் சொற்களை ஒட்டி ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். கடையில் கேட்டதற்கு, திரைக்கு வொரண்டி இல்லை என்று விட்டார்கள்.

பிறகு கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவுக்குப் போனேன். அங்கே ஒரு தம்பி மேசையில் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் எரியவிட்டுக் காட்டினார். ஒன்று ஒரிஜினல், மற்றது அதைப் பார்த்துச் செய்த போலி. போலித் திரையில் வெள்ளைப் பக்கம் நீலமாகவும் ஓரங்கள் இருட்டாகவும் இருந்தன. சரிந்து பார்த்தால் எழுத்துகள் மங்கின. நல்லதை 14,000 ரூபாவுக்குப் போட்டேன். சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் விட்டு, பசையை நூல் நூலாக இழுத்து எடுத்தார். முன்பு மாற்றிய கடையில் பழைய பசையைத் துடைக்காமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள் என்று விரலால் தொட்டுக் காட்டினார். திரை ஒரு பக்கம் மயிரிழை அளவு தூக்கி நின்றதற்கு அதுதான் காரணம். இரண்டு தடவைக்கும் சேர்த்து 21,500 ரூபா. போன் வாங்கிய விலையின் பாதிக்கும் மேல்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் ஒன்றைச் சொல்கிறேன். போனை வாங்குவதற்கு முன் ஒரு ரிப்பேர் கடைக்குப் போய், 'இந்த மொடலுக்கு டிஸ்பிளே இருக்கா, என்ன விலை?' என்று கேளுங்கள். எல்லோர் கையிலும் இருக்கும் மொடலுக்கு மூன்று தரத்தில் திரை கிடைக்கும். அபூர்வமான மொடலுக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓடர் பண்ணிவிட்டு இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும்.

வொரண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பனி வொரண்டி என்றால் இங்குள்ள ஏஜென்டின் சேர்விஸ் சென்டர் பொறுப்பு. கடை வொரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும்வரைதான். சில இடங்களில் ஏழு நாள் 'செக்கிங் வொரண்டி' மட்டும் தருவார்கள். பில்லில் எது எழுதப்படுகிறது என்று நின்று வாசியுங்கள். அங்கேயே *#06# அடித்து வரும் ஐஎம்இஐ இலக்கம், அதாவது போனின் அடையாள இலக்கம், பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். பதில் வரும்வரை காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

கமரா? நான்கில் இரண்டை ஒருநாளும் தொட்டதில்லை. அவை 2 மெகாபிக்சல், எண்ணிக்கைக்கு வைத்தவை. முதன்மைக் கமரா பகலில் நன்றாக எடுக்கும், கொப்பித் தாளில் உள்ள பென்சில் எழுத்துவரை தெரியும். எனக்கு அது போதும்.

அன்ட்ரொய்டு 11இல் வந்த போன் 13 வரை போனது, அதோடு நின்றது. பாதுகாப்பு அப்டேட்டுகளும் நின்ற பிறகு வங்கி ஆப்பை அதில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. புதிதாக ஒன்றை எடுத்ததற்கு முதல் காரணம் அதுதான். இந்தத் தடவை 128 ஜிபிக்குக் குறைந்த எதையும் கையில் எடுத்தே பார்க்கவில்லை. 6 ஜிபி ரம், யுஎஃப்எஸ், 25 வொட் சார்ஜிங், நான்கு வருட அப்டேட் உறுதி, 54,000 ரூபா. அதே நானாவின் கடைதான்.

பழைய போனுக்கு 4,500 ரூபாவில் புது பற்றரி போட்டு, எல்லாவற்றையும் அழித்து, எழுத்தைப் பெரிதாக்கி அம்மாவுக்குக் கொடுத்தேன். அவருக்கு வட்ஸ்அப்பும் யூடியூப்பும் போதும், 64 ஜிபியில் பாதிகூட நிரம்பவில்லை. கீபோர்டில் தமிழ் (இலங்கை) தெரிவு செய்து மைக்கை அமர்த்தப் பழக்கியிருக்கிறேன். கனடாவில் இருக்கும் சித்திக்கு இப்போது கடிதம் மாதிரி நீளநீளமாகச் சொல்லி அனுப்புகிறார். அந்தத் தொடுகை செத்த நாட்களில் நான் ஒட்டி அனுப்பியதைவிட அவருடையது திருத்தமாகப் போகிறது.