வெளியே 707, உள்ளே 737: பழைய ஜெட் வாங்கி ஏமாந்த கதை

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் பயனில்லை. நான் பணம் கட்டியபோது இருந்த பெயரை மாற்றிவிட்டு, அதே படங்களோடு வேறு பெயரில் கடை விரித்திருக்கிறார்கள். அதனால் ஆளை விட்டுவிட்டு அவர்கள் செய்யும் வேலையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டரில் பழைய ஜெட் ஓட்டும் ஆசையில் ஆட்-ஆன், அதாவது அதில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் விமானம், தேடுகிறவர்கள், கார்டைக் கையில் எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

போயிங் 707 என்ற பழைய நாலு இன்ஜின் ஜெட்மேல் எனக்குப் பித்து பிடித்த இடம் பல்லாவரம். எழுபதுகளில் ரன்வே பக்கம் குடியிருந்தோம். ஏர் இந்தியா 707 கிளம்பினால் அடுக்களையில் எவர்சில்வர் தட்டெல்லாம் அதிரும். ‘வந்துட்டான்’ என்பார் அப்பா, என்னவோ உறவுக்காரன் வந்ததுபோல. 1960ல் முதல் 707ஐ வாங்கி, 1962லேயே புரொப்பெல்லர் விமானங்களை ஒழித்துவிட்டு முழுக்க ஜெட்டுக்கு மாறிய நிறுவனம் அது. முதலில் வாங்கியவை 707-437. கடைசி ‘37’ போயிங் ஏர் இந்தியாவுக்குக் கொடுத்த வாடிக்கையாளர் எண். 707 என்றாலே பெரும்பாலும் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்தான். 400 வரிசையில் மட்டும் ரோல்ஸ் ராய்ஸ் கான்வே. அந்த வரிசையில் வந்த, விடி-டிஜேஜே என்ற பதிவெழுத்து கொண்ட விமானம், 1982 ஜூன் 22 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை வழியாக மும்பை போய், மழையில் இறங்கும்போது விபத்தாகி 17 பேர் இறந்தார்கள். மறுநாள் பேப்பரை அப்பா சத்தமாகப் படித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே ‘707-437, விடி-டிஜேஜே வண்ணத்தில், முழுமையாக இயங்கும் ஃபிளைட் இன்ஜினியர் பேனல், டாப்ளர் நேவிகேஷன், அசல் கான்வே சத்தம்’ என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் புத்தி வேலை செய்யவில்லை. 34.99 டாலர். வங்கிக் கட்டணமும் சேர்ந்து மூவாயிரத்துச் சொச்சம். ‘இன்னும் 14 நிமிடத்தில் தள்ளுபடி முடிகிறது’ என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தை மறுபடி திறந்தால் அது மறுபடி 14லிருந்து ஆரம்பிக்கும் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

உண்மையில் அந்த விளம்பரப் படத்திலேயே விஷயம் இருந்தது. பிராட் அண்ட் விட்னியின் ஜேடி3டி இன்ஜினுக்கு முன்பாதி மட்டும் தடித்திருக்கும், ஃபேன் காற்று பாதியிலேயே வெளியேறிவிடும். கான்வேயின் உறை முன்னிருந்து பின்வரை ஒரே ஒல்லி; பின்னால் சத்தம் குறைக்கும் மடிப்பு மடிப்பான வாய். படத்தில் டிஜேஜே என்று எழுதிய விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கியது ஜேடி3டி. ஏர் இந்தியாவிடம் 337பி, 337சி என்று அந்த இன்ஜின் போட்ட 707ம் இருந்தது. அந்தப் பதிவெழுத்தைப் போட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறவன், கடிகாரத்தைப் பார்த்த கண்ணால் இன்ஜினைப் பார்க்கவில்லை.

இன்ஸ்டாலர் திறந்ததும் முதல் வரி: ‘ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டுத் தொடரவும்.’ அணைத்தேன். இது என் முழு முட்டாள்தனம். 2018ல் பெயர்பெற்ற ஒரு சிம் நிறுவனமே, திருட்டுப் பிரதி போடுகிறவர்களைப் பிடிக்கிறேன் என்று, க்ரோமில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் ஒன்றை இன்ஸ்டாலருக்குள் வைத்து மாட்டிக்கொண்டது. அப்போது அவர்களை ஊருக்கு முன்னால் திட்டியவன் நான்.

முதல் பயணம், வேறெங்கே, மீனம்பாக்கத்திலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையம். ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், முக்கால்வாசி கடல். ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை, இறக்கக் கையை வைத்தேன். நெம்புகோலின் பக்கத்தில் 1, 2, 5, 10, 15, 25, 30, 40 என்று எழுதியிருந்தது. 707ல் முழு ஃபிளாப் 50 டிகிரி. 1ம் 2ம் 5ம் இருப்பது போயிங்கின் இரண்டு இன்ஜின் ஜெட்டான 737ல். பலகையில் எழுத்து தவறிவிட்டது போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். காசு கொடுத்தவனின் மனசு அப்படித்தான் தேற்றிக்கொள்ளும்.

மேலே ஏறினோம். 33,000 அடி என்று ஒரு எண்ணைத் திருப்பி வைத்தேன், ஆட்டோபைலட் தானாகவே அங்கே போய்ச் சமமாகி நின்றது. இங்கேதான் முதுகு சில்லிட்டது. 707ல் இருந்த ஆட்டோபைலட்டுக்கு, இருக்கிற உயரத்தைப் பிடித்து வைக்கத்தான் தெரியும். போகவேண்டிய உயரத்தைச் சொல்லிவிட்டுக் காபி குடிக்க முடியாது. பைலட்தான் ஏற்றத்தைக் குறைத்து, சமமாக்கி, அப்புறம் அதனிடம் ஒப்படைக்க வேண்டும். இன்ஜின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டிலும் கிடையாது. அந்த வேலைதான் நாம் காசு கொடுத்து வாங்குவது. சுகமாகப் போகவேண்டுமென்றால் சிம்மோடு சும்மா வரும் ஏர்பஸ் போதுமே.

டாப்ளர் கருவியைத் தேடினேன். காற்று விமானத்தை எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது, தரைவேகம் என்ன என்று காட்டும் பெட்டி அது. இருந்தது, படமாக. முள் அசையவில்லை. அதற்குப் பதில் ஒரு டேப்லெட், அதில் ஜிபிஎஸ், அதில் இளஞ்சிவப்புக் கோடு. பக்கவாட்டுக் காற்றை 60 நாட் வைத்துப் பார்த்தேன். கோட்டை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. அந்தக் காலத்தில் இந்தப் பாதையில் ஒரு டிகிரி தவறினால் 60 கடல்மைலுக்கு ஒரு மைல் விலகும். சென்னையிலிருந்து பெரிய நிக்கோபார் சுமார் 870 கடல்மைல். அங்கே போய்ச் சேரும்போது 14, 15 மைல் தள்ளி நிற்பீர்கள். அதனால்தான் நேவிகேட்டர் என்று தனியாக ஒரு ஆளையே காக்பிட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று ஃபிளைட் இன்ஜினியர் நாற்காலிக்குப் போனேன். நாலு ஜெனரேட்டரையும் வரிசையாக அணைத்தேன். சுவிட்ச் அழகாக ‘டக் டக்’ என்றது. காக்பிட்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை. எரிபொருள் பம்புகளை அணைத்தேன், இன்ஜின் கவலைப்படவில்லை. கடைசியாக யா டேம்பர், விமானம் பக்கவாட்டில் ஆடாமல் அடக்கிவைக்கும் கருவி. பின்னால் வளைந்த இறக்கை கொண்ட இந்த விமானங்களுக்கு டச்சு ரோல் என்றொரு ஆட்டம் உண்டு: மூக்கு ஒரு பக்கம் போக, இறக்கை மறுபக்கம் சாய, ஊஞ்சல்போல ஆடும். 1959 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பயிற்சிக்குப் போன 707 ஒன்று இந்த ஆட்டம் எல்லை மீறி மூன்று இன்ஜின்கள் பிய்ந்து விழுந்தது. எட்டுப் பேரில் நாலு பேர் போனார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் வற்புறுத்தித்தான் 707க்குச் செங்குத்து வாலின் உயரத்தையே கூட்டினார்கள். இந்த ஆட்-ஆனில் 33,000 அடியில் யா டேம்பரை அணைத்து, வாலில் இருக்கும் திருப்புபலகையான ரடரை மிதித்தேன். ஒரு தடவை தலையாட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நேரே போனது.

இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டு, 500 அடியில் திடீரென்று தள்ளினேன். இரண்டு வினாடியில் முழு வேகம். முதல் தலைமுறை ஜெட்டில் இதைச் செய்தால் இன்ஜின் எழுந்து வர ஏழெட்டு வினாடி ஆகும். அதற்குள் தரை வந்துவிடும். 1965 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு 727 வேகமாகச் சரிந்து இறங்கி, கடைசி நேரத்தில் பவர் கொடுத்தும் போதாமல் ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதி 43 பேர் இறந்தார்கள். பழைய ஜெட் ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் பாதி, இந்த ஏழெட்டு வினாடியை முன்கூட்டியே யோசிக்கக் கற்றுக்கொள்வதுதான்.

தங்கை மகன் வந்திருந்தான். ‘மாமா, அந்த கான்ஃபிக் ஃபைலை நோட்பேட்ல திறந்து பாருங்க’ என்றான். திறந்தோம். 2006ல் வந்த எஃப்எஸ்எக்ஸ் சிம்மோடு இலவசமாகக் கிடைத்த 737-800ன் எண்கள் வரிக்கு வரி அப்படியே இருந்தன. இன்ஜினை மட்டும் இரண்டிலிருந்து நாலாக்கி, எடையை மாற்றியிருக்கிறார்கள். இன்னொரு கோப்பில் மேலே ஒருவருடைய பெயர், கீழே ‘இது இலவசம், விற்கக் கூடாது’ என்ற குறிப்பு. அதை நீக்கக்கூடச் சோம்பல். யாரோ ஒரு மனிதர் பல வருடம் உட்கார்ந்து செய்து சும்மா கொடுத்த உருவத்தைத் திருடி, விமானம் எப்படிப் பறக்கவேண்டும் என்று அவர் எழுதிய ஃபிளைட் மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, 737ன் குடலை உள்ளே வைத்துத் தைத்து விற்றிருக்கிறார்கள்.

கடைக்கு எழுதினேன். முதல் பதில், ‘சிமுலேட்டரை அப்டேட் செய்யுங்கள்.’ இரண்டாவது, ‘ரியலிசம் என்பது அவரவர் பார்வை.’ கோப்பின் படத்தை அனுப்பியதும் பதிலே இல்லை. அடுத்த நாள் என் கணக்கு பூட்டப்பட்டது. வங்கியில் ‘விவரித்த பொருள் வரவில்லை’ என்று டிஸ்ப்யூட் போட்டேன். நான் பதிவிறக்கிய நேரத்தைக் காட்டி ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று அவர்கள் ஒரு தாளை அனுப்ப, வங்கி அதை ஏற்றுக்கொண்டது. போயே போச்சு. என் தவறு, வங்கிக்கு 707, டாப்ளர் என்று இரண்டு பக்கம் எழுதியது. இலவசப் பொருளைத் திருடி விற்றிருக்கிறார்கள் என்று அந்தக் கோப்பை மட்டும் முதலிலேயே வைத்திருக்கவேண்டும். கார்டை முடக்கி வேறு வாங்கினேன், கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தேன், கடவுச்சொல் எல்லாம் மாற்றினேன். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

நீங்கள் வாங்குவதானால் விற்கிறவரிடம் வெட்டாத காணொளி கேளுங்கள். பளபளக்கும் டிரெய்லர் வேண்டாம். ஐடில் என்ற குறைந்தபட்ச ஓட்டத்திலிருந்து முழு பவருக்கு இன்ஜின் எத்தனை வினாடியில் வருகிறது, ஜெனரேட்டரை அணைத்தால் என்ன ஆகிறது, இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகச் செய்தவர் சந்தோஷமாகக் காட்டுவார், கேட்காததையும் சேர்த்துக் காட்டி நேரத்தைத் தின்பார். மேனுவலை வாங்குமுன் படிக்கக் கொடுக்காத கடைப் பக்கம் போகவே போகாதீர்கள். எனக்கு வந்த மேனுவலில் 11 பக்கம். அதில் நாலு பக்கம் ரீஃபண்ட் ஏன் கிடையாது என்று.

கோப்பில் இருந்த பெயரைத் தேடிப் பிடித்து அந்த மனிதருக்கும் ஒரு கடிதம் போட்டேன். ஓய்வுபெற்றவர். ‘இது மூன்றாவது முறை’ என்று மட்டும் எழுதி, தன் பழைய தொகுப்பை அனுப்பிவைத்தார். கூடவே வந்த குறிப்பின் முதல் வரியே, ‘இன்ஜினியர் பேனல் வெறும் படம்தான், மன்னிக்கவும்.’ ஆனால் யா டேம்பரை அணைத்தால் ஆடுகிறது. த்ராட்டிலைத் தள்ளினால் காத்திருக்க வைக்கிறது. முந்தாநாள் இரவு ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, காற்றைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு சுபாங்குக்குக் கிளம்பினேன். இடப்பக்கம் வரவேண்டிய நிக்கோபார் வலப்பக்கம் வந்தது.