பொதுக் கருவியகத்தில் கியூ-பிசிஆர்: வேலூரில் நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

ஒரு ஜீன் எவ்வளவு செயல்படுகிறது என்று அளக்கும் ரியல்டைம் பிசிஆர் (கியூ-பிசிஆர்) மெஷினைத் துறைக்குத் துறை வாங்குவது வீண்செலவு. எல்லாத் துறைகளும் பகிரும் பொதுக் கருவியகமே போதும், நன்றாகவே ஓடுகிறது. முடிவு கெடுவது பெரும்பாலும் சாம்பிள் அங்கே போய்ச் சேருவதற்கு முன்புதான்.

ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் பாக்ஸ்ஜீன் குழாயில் எடுத்த ரத்தம் அறை வெப்பநிலையில் 3 நாள் தாங்கும் என்பார்கள். அந்த அறை வெப்பநிலை 18 முதல் 25 டிகிரி வரைதான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஏ.சி. இல்லாத வார்டு மேசைக்கு அந்தக் கணக்கு செல்லாது. ரத்தம் முழு 2.5 மில்லி இறங்கட்டும்; உடனே 8–10 முறை கவிழ்த்து, ஏ.சி. அறையில் 2 மணி நேரம் நிறுத்தி, பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாதாரணக் குழாய் என்றால், ரத்தம் உறையாமல் தடுக்க ஈ.டி.டி.ஏ. போட்டது மட்டும்; ஹெபாரின் போட்டது வேண்டாம், அது கூடவே வந்து பிசிஆரை அடக்கிவிடும்.

பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வின் தூய்மையை ஒளி உறிஞ்சலால் அளக்கும் நானோட்ராப்பில் 260/280 விகிதம் 2.0 வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். 260/230 மிகவும் இறங்கியிருந்தால் பிரித்தெடுக்கும் கிட்டின் குவானிடின் உப்பு தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எத்தனாலில் இன்னொரு முறை கழுவுங்கள். ஆர்.என்.ஏ. சிதைந்திருப்பதை நானோட்ராப் காட்டாது. அதற்கு பயோஅனலைசர் கருவியின் ரின் எண் (ஆர்.என்.ஏ. எவ்வளவு முழுமை என்பதற்கு 1 முதல் 10 வரையான மதிப்பெண்) வேண்டும். சீக்வென்சிங்குக்குப் பொதுவாக 7க்கு மேல் கேட்பார்கள்.

96 குழி பிளேட்டில் 8 சாம்பிள், 4 ஜீன், மும்மூன்று குழி என்று போட்டால் பிளேட் நிரம்பிவிடும், சாம்பிளுக்குப் பதில் தண்ணீர் விடும் கன்ட்ரோலுக்கு இடம் இருக்காது. 7 சாம்பிளோடு நிறுத்துங்கள்: 84 போக, மீதி 12 குழி தண்ணீருக்கு. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. நகலாக மாற்றும் ஆர்.டி. நொதி சேர்க்காத கன்ட்ரோலைத் தனி பிளேட்டிலாவது ஓட்டியே தீர வேண்டும், செல்லின் டி.என்.ஏ. கலந்திருப்பது அதில்தான் தெரியும்.

ஸ்லாட் எடுக்கும்போதே மெஷின் எது என்று கேளுங்கள். ஸ்டெப்ஒன் பிளஸுக்கு அதிக ராக்ஸ் (குழிக்குக் குழி ஒளி வேறுபாட்டைச் சரிசெய்யும் சாயம்), 7500க்குக் குறைந்த ராக்ஸ், சிஎஃப்எக்ஸுக்கு ராக்ஸே தேவையில்லை. மாஸ்டர்மிக்ஸ் (தயார்நிலை பிசிஆர் கலவை) வாங்கிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. மெஷின் யூ.பி.எஸ்.ஸில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 30ஆவது சுற்றில் கரண்ட் போனால் பிளேட்டே போச்சு.

ஜி.ஏ.பி.டி.ஹெச். ஜீன் ஒன்றை மட்டும் ஒப்பீட்டு ஜீனாக (அளவு மாறாது என்று நம்பி மற்றவற்றை ஒப்பிடும் ஜீனாக) வைக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்த செல்களில் அதுவே ஏறும். இரண்டு ஒப்பீட்டு ஜீனாவது வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு: கேட்காவிட்டால் ஜீன் எத்தனை மடங்கு ஏறியது, இறங்கியது என்று கணக்கு போட்ட பார் வரைபடம் மட்டும் பி.டி.எஃப்.பில் வரும். அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. சி.டி. மதிப்புகள் (எத்தனையாவது சுற்றில் சிக்னல் எல்லையைத் தாண்டியது என்ற எண்), மெல்ட் கர்வ் (ஒரே பொருள்தான் பெருகியதா என்று காட்டும் வரைபடம்), ரன் ஃபைல் (மெஷினின் மூலத் தரவு) மூன்றையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். பிரைமர் திறன் (சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாவது 100 சதவீதம்) 90–110 சதவீதத்துக்குள் இல்லாமல், இரட்டிப்பாகிறது என்று வைத்தே மடங்கைக் கணக்கிடும் டெல்டா-டெல்டா சி.டி. முறையைப் போட்டிருந்தால், இவை கையில் இருந்தால்தான் திரும்பக் கணக்கிட முடியும்.