டயர் கடையில் ரிம் கெட்டதா? ஐந்து வெள்ளி தீர்ப்பாயம் எவ்வளவு கைகொடுக்கும்

சுங்கை சிப்புட்டில் டயர் மாற்றப் போகிறவர்களுக்கு விலை அத்துப்படி. மைவி காருக்கு 185/55 ஆர்15 என்று சொல்லிவிட்டு நாலு கடையில் விசாரிக்காமல் யாரும் போடுவதில்லை. ஆனால் டயரைக் கழற்றி மாட்டும்போது ரிம் விளிம்பு வெட்டுப்பட்டாலோ, நட்டு மரை போனாலோ, "போகட்டும், ஒரே ஊரில் இருக்கிறோம்" என்று விட்டுவிடுகிறார்கள். தவணைக்கு டயர் எடுத்தவர்கள் என்றால் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், வாய் திறக்கவே தயக்கம். இந்த நட்டத்தைக் கேட்டு வாங்க மலேசியாவில் ஒரு சேவை இருக்கிறது. டி.டி.பி.எம். என்கிற மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம். ரிம் விவகாரத்துக்கு அது உண்மையிலேயே பயன்படுமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எங்கள் கணிப்பு இது. சேவை நல்லது, மலிவானது, சாதாரண மனிதன் தனியாகப் போய் நிற்கக்கூடியது. ஆனால் வழக்கின் முக்கால் பங்கு டயர் கடை வாசலிலேயே முடிந்துவிடுகிறது. வண்டி கடையை விட்டு நகர்வதற்கு முன்னால் ஆதாரம் சேர்க்காதவருக்குத் தீர்ப்பாயத்தால் செய்யக்கூடியது குறைவு.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது இந்தத் தீர்ப்பாயம். மனு போட 5 வெள்ளி (ரிங்கிட்). தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரைதான் கேட்க முடிந்தது. பிறகு 25,000 ஆனது, 2019லிருந்து 50,000. பெரும்பாலான காடிகளின், அதாவது கார்களின், நாலு ரிம்மும் இதற்குள் அடங்கும். வக்கீல் வைக்க முடியாது, கடைக்காரரும் வைக்க முடியாது. இது நமக்குப் பெரிய பலம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதே சட்டத்தின் 53ஆவது பிரிவு, சேவை கொடுப்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. டயர் மாற்றுவதும் சேவைதான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுப்பது வேறு, தீர்ப்பாயத்தில் மனு போடுவது வேறு. புகார் அமலாக்கப் பிரிவுக்குப் போகும். கடை தவறு செய்ததா என்று அவர்கள் பார்ப்பார்கள். இந்த இரண்டில் உங்கள் ரிம்முக்குப் பணம் வாங்கித் தருவது தீர்ப்பாயம் மட்டும். புகார் கொடுத்துவிட்டுப் பணம் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

இனி ஆதாரம். கடைக்காரர் சொல்லப்போகும் முதல் வார்த்தை எல்லாருக்கும் தெரியும்: "இது பழைய அடி, நீங்கள் எஸ்டேட் ரோட்டுக் குழியில் விட்டிருப்பீர்கள்." ஹேவூட், எல்பில் தோட்டங்கள் பக்கம் ஓடும் காடி என்றால் கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். அதனால் குழியில் பட்ட அடிக்கும், டயர் கழற்றும் மிஷினில் பட்ட அடிக்கும் உள்ள வித்தியாசத்தை நாமே எடுத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

குழியில் விழுந்த ரிம் வளையும். பெரும்பாலும் உள்பக்க விளிம்புதான் தட்டையாகும். அதே இடத்தில் டயரின் பக்கச்சுவரில் வீக்கமோ வெட்டோ இருக்கும். சாலையோரக் கல்லில் உரசினால் ரிம்மின் வெளிமுகத்தில், ஆக வெளியே துருத்தி நிற்கும் இடத்தில், சொரசொரப்பாக நீளத் தேய்ந்திருக்கும். டயரும் அங்கே உரசியிருக்கும். மிஷின் வெட்டு அப்படி இருக்காது. டயரைக் கழற்றும் தலை ரிம் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும். அதன் பிளாஸ்டிக் உறை தேய்ந்து போயிருந்தால் இரும்பு நேராக அலுமினியத்தில் ஓடும். அப்போது விளிம்பின் உட்புற ஓரத்தில், டயர் உட்காரும் பக்கமாக, வளைந்த ஒரு கீறல் விழும். நெம்புகோல் வழுக்கினால் பல் கடித்த மாதிரி சின்ன வெட்டு. ரிம்மைப் பிடிக்கும் நாலு தாடையில் உறை இல்லாவிட்டால் நாலு வடு, சம இடைவெளியில். அடியில் இருந்த விளிம்பில் தேடுங்கள். டயரைத் தளர்த்தும் தட்டு ரிம்மை ஒட்டி வைத்து அழுத்தப்பட்டால் பின்விளிம்பு வளையும். இந்த எதற்கும் டயரின் வெளிப்புறத்தில் ஜோடித் தழும்பு இருக்காது. இரண்டு மூன்று ரிம்மில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வடு இருந்தால் அதைவிட வலுவான சாட்சி வேறு வேண்டாம். குழி ஒருபோதும் நாலு சக்கரத்திலும் ஒரே கையெழுத்துப் போடாது.

நிறத்தையும் பாருங்கள். புது வெட்டில் அலுமினியம் பளிச்சென்று இருக்கும். பழைய வெட்டில் மங்கல் படர்ந்து, செம்மண் தூசியும் பிரேக் கரியும் உள்ளே இறங்கியிருக்கும். இந்த வித்தியாசம் சில மழைக்குப் பிறகு மறைந்துவிடும். அதனால்தான் அன்றைக்கே படம் எடுக்கச் சொல்கிறோம்.

வண்டியைக் கடைக்குள் விடும் முன் நாலு ரிம்மையும் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முழுப் படம் ஒன்று, விளிம்பைச் சுற்றி நெருக்கப் படம் நாலு எடுங்கள். ஒரு படத்தில் நம்பர் பிளேட்டும் கடை முகப்பும் விழட்டும். கைப்பேசியில் தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். அப்படியே வேலை செய்யும் பையனிடம், "தம்பி, ஏத்துறதுக்கு முன்னால இந்த ரிம்ம ஒரு தடவ பாத்துக்கப்பா" என்று சொல்லுங்கள். யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது. சொன்ன மாத்திரத்தில் அவர் கையில் கவனம் வந்துவிடும், பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும்.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, சவுக்காரத் தண்ணீரோ டயர் பசையோ தடவுகிறார்களா என்பது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. டயரின் எதிர்ப்பக்கக் கம்பி ஓரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். பசையும் தடவாமல், பள்ளத்துக்குள்ளும் அழுத்தாமல் நெம்பினால் பலம் முழுக்க விளிம்பில் விழும். பக்கச்சுவர் குட்டையான டயரில் இது இன்னும் மோசம். மற்றது, நட்டு. காற்றுத் துப்பாக்கியால் கடைசி வரை முடுக்குவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. முதலில் கையால் மரை பிடிக்க விட்டு, கடைசியில் டார்க் ஸ்பேனரால் (முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடிக்க வேண்டும். மைவி, சாகா மாதிரிச் சிறு காடிகளின் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் சுற்றளவில் போதும். சரியான அளவு காடியின் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் முடுக்கினால் போல்ட் நீளும், நட்டு உட்காரும் கூம்புக் குழி சுரண்டிப் போகும், சில நேரம் பிரேக் தட்டு கோணி மிதி அதிரும்.

ஹோண்டா வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அதன் ஒரிஜினல் ரிம்முக்கு நட்டின் அடி உருண்டையாக இருக்கும். வெளிக்கடை ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவம். இரண்டும் ஒரே மரை என்பதால் மாற்றிப் போட்டாலும் ஏறிவிடும். ஆனால் சரியாக உட்காராது, ஓட ஓடத் தளரும், ரிம்மின் குழியும் கெடும்.

வடு கண்ணில் பட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள். தவுக்கேயைக் கூப்பிட்டு, "போஸ், தெங்கோக் நி" (முதலாளி, இதைப் பாருங்கள்) என்று காட்டி, அவர் முன்னாலேயே படம் எடுங்கள். ரசீதில் எந்தச் சக்கரம், எந்த இடம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று அவர் வாட்ஸ்அப்புக்குப் படத்தோடு செய்தி அனுப்புங்கள். சுவரில் "சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல" என்று பலகை மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள். சட்டம் கொடுத்த உரிமையைப் பலகை எழுதி ரத்து செய்ய முடியாது. அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். விளிம்பில் ஒரு கீறலுக்கு நாலு புது ரிம் கேட்டால் கேட்டவர் பேச்சு எடுபடாது. கடைக்குச் சரிசெய்ய நியாயமான வாய்ப்புக் கொடுங்கள். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம். ஈப்போவில் ரிம் பழுது பார்க்கும் இரண்டு இடத்தில் எழுத்து மூலம் விலை வாங்குங்கள். கூடவே அதே மாடல் ஒற்றை ரிம்மின் விலையையும் உதிரிபாகக் கடையில் கேட்டு வையுங்கள். பழுதுச் செலவு புது ரிம்மை நெருங்கினால் புதிது கேட்பதில் நியாயம் இருக்கிறது. இழுவை வண்டி, போக்குவரத்து ரசீது இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

முகம் மிஷினில் சீவிய இரண்டு நிற ரிம் என்றால் கீறலைச் சின்னதாக நினைக்காதீர்கள். மேலே இருக்கும் மெல்லிய லேக்கர் கிழிந்தால் நம் ஊர் ஈரத்தில் அதன் அடியில் வெள்ளைப் புழு மாதிரி அரிப்பு ஊரும். திரும்பச் சீவினால் அலுமினியம் குறையும். அதனால் ஒரே ரிம்மை அடிக்கடி சீவ முடியாது. கடைக்காரர் "ஸ்பிரே அடித்துத் தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங்கும் வேண்டாம். விரிசல் விட்ட ரிம்மை ஒட்டவைத்து ஓட்டுவதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, மாற்று ரிம் கேட்பதுதான் சரி. வளைவு சந்தேகம் இருந்தால் வேறு கடையில் பேலன்ஸ் மிஷினில் ஏற்றி டயல் ஊசியால் அளக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்பதை அந்தக் கடையின் தாளில் எழுதி வாங்குங்கள். எண் இருந்தால் வாதம் குறையும்.

பிறகு ஒரு கடிதம். என்ன நடந்தது, எந்தத் தேதி, எவ்வளவு வேண்டும், 14 நாளுக்குள் பதில் வேண்டும். ஒரு பக்கம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்களிடம் இந்தக் கட்டத்திலேயே பேச்சு மாறும்.

மாறாவிட்டால் மனு. முதலாம் பாரத்தை இணையம் வழியாகவும் போடலாம், ஈப்போ அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாகப் பழைய ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். மனுவில் பலர் சிக்கிக்கொள்வது கடையின் பெயரில். பலகையில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர், நடத்துபவர் மூன்றாவது ஆள். பெயர் தவறினால் தீர்ப்பு யார் மேல் என்றே தெரியாமல் போகும். ரசீதில் உள்ள பதிவு எண்ணை வைத்து எஸ்.எஸ்.எம். நிறுவன ஆணையத்தில் தேடி, பதிவான பெயரையும் முகவரியையும் அப்படியே எழுதுங்கள். ரசீதே தராத கடை என்றால், பணத்தைக் கைப்பேசி வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பதிவாவது இருக்கும். டயர் போடும்போதே ரசீது கேட்டு வாங்கும் பழக்கம் தோட்டப்புறத்தில் இன்னும் குறைவு, வருத்தமாக இருக்கிறது.

மனு கடைக்குச் சேர்ந்த பிறகு அவர்களுக்குப் பதில் கொடுக்க 14 நாள். விசாரணை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது மாதிரித்தான், தலைவர் முதலில் சமரசம் பேச வைப்பார். சேவையின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. காரியம் மலாயில் நடக்கும். தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது கஷ்டம். நடந்ததைத் தேதி வாரியாக மலாயில் ஒரு தாளில் பிள்ளைகளை வைத்து எழுதி, படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்து எண் போட்டுக் கொண்டுபோங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழில் பேசி ஆலோசனை கேட்கலாம். ஒரு நாள் சம்பளம் போகும் என்பதும் உண்மை. சின்னக் கீறலுக்கு அது கட்டுப்படியாகாது. ரிம் வளைந்தாலோ வெடித்தாலோ நிச்சயம் கட்டுப்படியாகும். விசாரணை நாளில் நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடி ஆகலாம்; கடைக்காரர் வராவிட்டால் உங்கள் பக்கம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

சக்கரம் கழன்று யாருக்காவது காயம் ஏற்பட்டால் அந்தக் காயத்துக்கான நட்டஈடு இங்கே கிடைக்காது. அது சிவில் நீதிமன்றத்துக்கு உரியது. உடனே வக்கீலைப் பாருங்கள்.

தீர்ப்புக்கு வலு இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இது தெரிந்ததால் சில கடைக்காரர்கள் விசாரணை நாள் காலையில் வாசலில் நின்று, "கேஸை வாபஸ் வாங்குங்கள், அடுத்த வாரம் பணம் தருகிறேன்" என்பார்கள். வாபஸ் வாங்காதீர்கள். சமரசத்துக்குச் சம்மதம் என்றால் இருவரும் உள்ளே போய்த் தொகையையும் தேதியையும் தலைவரிடம் சொல்லுங்கள். அவர் அதை அங்கீகரித்துப் பதிவு செய்வார், அப்படிப் பதிவான சமரசத்துக்கும் தீர்ப்பின் வலு உண்டு.