வாகைக்குளமா, மதுரையா? கல்லிடைக்குறிச்சிக்கு விமானத்தில் வந்துபோகும் அனுபவம்

எனக்கு பெங்களூரில் வேலை, அம்மா திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில். 2018-லிருந்து வருடத்துக்கு நாலைந்து முறை வந்துபோகிறேன். மதுரையில் இறங்கிப் பார்த்தாயிற்று, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இறங்கிப் பார்த்தாயிற்று, ஒரு முறை திருவனந்தபுரமும். (அந்த ஒரு முறையே போதும், நாகர்கோவில் வருவதற்குள் முதுகு போய்விட்டது.)

டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் மதுரைக்குத்தான் கை போகும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிச்சம். ஆனால் இறங்கியபின் திருநெல்வேலிக்கே 150 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் மாட்டுத்தாவணி போய்த்தான் ஏற வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் ஆப்பில் டாக்ஸி போட்டேன். பேசியது நாலாயிரம். திருமங்கலம் தாண்டியதும் "ரிட்டர்ன் காலியாத்தான் சார் வரணும்" என்று டிரைவர் ஆரம்பித்தார். ஊருக்குள் வந்ததும் மேப் சொன்னபடி கன்னடியன் கால்வாய்க் கரையோரச் சந்தில் வண்டியை விட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கால்வாயில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஈரத்துண்டோடு மேலே ஏறி வந்து, "ஒடிங்க அண்ணாச்சி, இன்னும் ஒடிங்க" என்று அரை மணி நேரம் போராடி வண்டியை எடுத்துக் கொடுத்தார்கள். மிச்சம் பிடித்த ஆயிரம் அங்கேயே கரைந்தது.

வாகைக்குளத்திலிருந்து வீடு அறுபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில்தான். 1992-ல் வந்த நிலையம்; நான் வர ஆரம்பித்த காலத்தில் ஏடிஆர் என்கிற சின்ன, காற்றாடி வைத்த விமானங்கள் மட்டும்தான். 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்த பிறகு நெரிசல் இல்லை.

பகலில் இறங்கினால் பஸ்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். நடுவில் எங்கும் நிற்காத எண்ட் டு எண்ட் பஸ்கள் நிற்காது, கை காட்டி ஏமாறாதீர்கள். சாதா பஸ்ஸுக்குக் காத்திருங்கள். திருநெல்வேலியில் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாபநாசம் பஸ்ஸோ அம்பை பஸ்ஸோ பிடித்தால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அப்புறம் நம்ம ஊர். மொத்தம் இரண்டரை மணி நேரம், செலவு நூறு ரூபாய்க்குள். நேரம் ஒத்துவந்தால் ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர் இன்னும் சுகம், ஆனால் ஒத்துவந்ததே இரண்டு முறைதான்.

சாயங்காலம் இறங்கினால் ஊர் டாக்ஸியை முன்கூட்டியே வரச் சொல்லிவிடுவேன். கடைசியாகக் கொடுத்தது 2,200 ரூபாய். ஊர்க்காரர், சந்துபொந்தெல்லாம் தெரியும். விமானம் தாமதமானாலும் முகம் சுளிக்க மாட்டார்.

மழைக்காலம் மட்டும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த வாரத்து டிக்கெட்டை நான் ரத்து செய்தேன். அதிலிருந்து கார்த்திகை, மார்கழியில் ராத்திரி விமானம் போடுவதில்லை.

திரும்பும்போது பஸ் எனக்கு ஒத்துவராது. காரணம் அப்பளம். அம்மா கட்டிக் கொடுக்கும் பத்துக் கட்டை ஒரு முறை பஸ்ஸில் மேல் தட்டில் வைத்தேன். மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் அதன்மேல் தன் சூட்கேஸை வைத்துவிட்டார். பெங்களூரில் பிரித்தால் பாதி நொறுங்கிய தூள். இப்போது அப்பளம் டாக்ஸியில் மடிமேல், விமானத்தில் காலடியில்.