பலூன் பச்சையான பிறகு: தனியாகக் கோர்ட் ஏறுவதா, சட்டத்தரணி வைப்பதா?

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பாதைகளில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவர்களைப் பிடிக்கப் பொலிஸார் இரவுச் சோதனைக்கு நிறுத்துகிறார்கள். பலூன் ஊதியதும் குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் படிகம் கோட்டைத் தாண்டிப் பச்சையாகிறது. இதைத் தபால் கந்தோரில் தண்டப்பணம் கட்டி முடிக்க முடியாது. நீதவான் நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். அங்கே எப்படிப் போவது என்பதில்தான் பலர் அவசரப்பட்டு முடிவெடுக்கிறார்கள்.

முதலில் இலங்கைச் சட்டத்தைப் பார்ப்போம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதுதான் எல்லை. விபத்து இல்லாத வழக்கில் தண்டப்பணம் 25,000 ரூபாயிலிருந்து 30,000 வரை, சிறை 3 மாதம் வரை, லைசன் இடைநிறுத்தம் 12 மாதம் வரை. இதில் தண்டப்பணத்துக்குக் கீழெல்லை இருக்கிறது, குற்றவாளி என்று தீர்த்த பிறகு நீதவான் விரும்பினாலும் 25,000க்குக் கீழே இறங்க முடியாது. லைசன் இடைநிறுத்தத்துக்கு அப்படிக் கீழெல்லை இல்லை. ஆகவே “தண்டத்தை ஐயாயிரத்துக்கு இறக்கித் தாறேன்” என்று கோர்ட் வாசலில் சொல்பவரை நம்பாதீர்கள். நல்ல சட்டத்தரணி தன் திறமையைக் காட்டுவது லைசன் விடயத்தில்தான்.

தனியாகப் போய் “குற்றவாளி” என்று சொல்லிவிடுவது மலிவான வழி. விபத்து இல்லை, முதல் தடவை, வாகனம் ஓட்டித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையும் இல்லை என்றால் அதில் பெரிய தவறும் இல்லை. தண்டப்பணத்தைக் கையோடு கொண்டு போங்கள், கட்டாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறைக்குப் போக வேண்டி வரும். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். பதிவும் நிற்கும், அடுத்த முறை பிடிபட்டால் பழைய தீர்ப்பு முன்னால் வரும். முச்சக்கர வண்டி, தோட்ட லொறி, சுற்றுலா வான் ஓட்டும் ஒருவருக்கு 12 மாத இடைநிறுத்தம் என்பது ஒரு வருடச் சம்பளம். அவர் தண்டப்பணத்தை மட்டும் பார்த்துத் தனியாகப் போவது தன் வயிற்றில் தானே அடிப்பது.

தவணை நாள் காலையில் வாசலில் கிடைக்கிற சட்டத்தரணியை அமர்த்துவது இரண்டாவது வழி. குடும்ப நிலை, தொழில், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை எடுத்துச் சொல்லி இடைநிறுத்தக் காலத்தைக் குறைக்கும்படி அவர் கேட்பார். ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது போதும். பத்து நிமிடத்தில் கோப்பைப் புரட்டுபவரால் பொலிஸ் சாட்சியத்தின் ஓட்டையைப் பார்க்க முடியாது.

போக்குவரத்து வழக்குகளில் பழகிய சட்டத்தரணியை முன்கூட்டியே அமர்த்துவது மூன்றாவது வழி. அந்த ஓட்டைகள் எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். குழாயின் காலாவதித் திகதி என்ன? பலூனை ஊதியது எத்தனை மணிக்கு, வாகனத்தை நிறுத்தியது எத்தனை மணிக்கு? வாயில் மிச்சமிருக்கும் மதுசாரம் அளவை உயர்த்திக் காட்டும் என்பதால் கடைசி மிடறுக்கும் ஊதலுக்கும் இடையில் குறைந்தது 15 நிமிடம் இருந்ததா? பொலிஸ் தகவல் புத்தகத்தில் எழுதியதும் உத்தியோகத்தர் கூண்டில் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் வைத்தியர் எழுதிய வசனத்தை அந்தச் சட்டத்தரணி இரண்டு தடவை வாசிப்பார். “மது வாசனை உண்டு” என்பதும் “மதுவின் தாக்கத்தில் இருந்தார்” என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டிலேயே “சுற்றவாளி”, அதாவது குற்றமற்றவர், என்று நின்று வாதாடலாமா என்பது பெரும்பாலும் முடிவாகும்.

அதே அனுபவசாலி, வாதாட ஒன்றுமில்லை என்றால் அதையும் நேரே சொல்லிவிடுவார். ஒரு கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண், இரவு 10 மணிக்குள் 33.5 சதவீதச் சாராயத்தில் அரைப் போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர், குடிக்கிறார். உள்ளே போவது ஏறக்குறைய 99 கிராம் மதுசாரம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது சுமார் 240 மில்லிகிராம் வரை ஏறும். உடல் அதை மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வீதமே குறைக்கும். காலை 6 மணிக்கு முதல் ட்ரிப்புக்கு வானை எடுக்கும்போதும் அவர் எல்லைக்கு மேலேயே இருக்கக்கூடும். சாவு வீட்டிலோ திருவிழாவிலோ இரவு கழித்தவர்கள் விடியற்காலையில் மாட்டுவது இதனால்தான். குளிப்பதோ தேநீர் குடிப்பதோ இதை மாற்றாது. ஊத மறுப்பதும் உதவாது, அந்த மறுப்பு சாரதிக்கு எதிராகவே திரும்பும்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் ஒப்பீடே தேவையில்லை, அனுபவமுள்ள சட்டத்தரணிதான். மரணம் என்றால் சிறைக்காலம் வருடக்கணக்கில் போகும். காப்புறுதிக் கம்பனியும் உங்கள் வாகனச் சேதத்துக்குப் பணம் தர மறுக்கும். முதல் வாக்குமூலத்துக்கு முன்பே சட்டத்தரணியோடு பேசுங்கள்.

கையில் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நுவரெலியா, கண்டி, பதுளையில் நிலையங்கள் உண்டு. வருமானத்தையும் வழக்கின் தன்மையையும் பார்த்தே எடுப்பார்கள். சம்பளத் துண்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

“ஸ்டேஷனில் ஆள் வைத்துப் பேசலாம்” என்ற வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டோம். லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே. ஒரு வழக்கு இரண்டாகும்.

மொழியையும் கவனியுங்கள். மலையகத்தில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை. தமிழ் பேசும் சட்டத்தரணி கிடைத்தால் நடந்ததை நடந்தபடி சொல்ல முடியும்.

அமர்த்துவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இந்த நீதிமன்றத்தில் இப்படியான வழக்கை விசாரணை முடியும்வரை நடத்தியிருக்கிறாரா, கட்டணம் தவணைக்கா முழு வழக்குக்கா, அவரே வருவாரா கனிஷ்ட சட்டத்தரணியை அனுப்புவாரா. தீர்ப்பு எதிராக வந்தால் மேன்முறையீட்டுக்கு இருப்பது 14 நாள்தான். தீர்ப்பு நாளிலேயே அதையும் பேசிவிடுங்கள்.